அஞ்சறைப்பெட்டியில இருந்தே ஆரம்பிக்கலாம்: குட்டிப் பசங்களோட வீட்டுல சயின்ஸ் பண்றது எப்படி

3 வயசுல இருந்து 8 வயசு வரைக்கும் பசங்க இருக்குற வீட்டுக்கு இதை எழுதுறேன். கடையில விக்கிற சயின்ஸ் கிட் எதுவும் வாங்க வேண்டாம், அஞ்சறைப்பெட்டி, ஃப்ரிட்ஜ், மொட்டை மாடி இந்த மூணு இடத்துல இருக்குறதை வச்சே வருஷம் பூரா பண்ணலாம். அப்பா அம்மா சயின்ஸ் படிச்சிருக்கணும்னு அவசியம் கிடையாது. தாத்தா பாட்டி கூட இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா கீழ சொல்றதுல பாதி அவங்களுக்கு ஏற்கனவே கைவந்த விஷயம்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் முதல்லயே புடிச்சுக்கோங்க. எதைச் செய்றதுக்கு முன்னாடியும் "என்ன ஆகும்னு நினைக்கிற?"ன்னு குழந்தைகிட்ட கேளுங்க, அது சொல்ற பதில் தப்பா இருந்தாலும் திருத்தாதீங்க, செஞ்சு பாருங்க. பார்த்து முடிச்சதும் ஒரே ஒரு விஷயத்தை மாத்தி திரும்ப செய்ங்க. பால்ல பண்ணா அடுத்து தண்ணில, வெளிச்சத்துல வச்சா அடுத்து இருட்டுல. ஊகிக்கிறது, பார்க்கிறது, ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்கிறது. விஞ்ஞானிங்க லேப்ல பண்றதும் இதையேதான், விளக்கம் எல்லாம் அதுக்கப்புறம் மெதுவா வரட்டும். நம்மள்ல நிறைய பேர் முதல்லயே விளக்கத்தை சொல்லிடுறோம், சொல்லி முடிச்சதும் குழந்தைக்கு பார்க்கிற ஆர்வமே போயிடுது.

முதல்ல சேர்த்து வைக்க வேண்டியது

ஒரு அட்டைப்பெட்டி எடுத்துக்கோங்க. அதுல நாலஞ்சு கண்ணாடி டம்ளர் (உள்ள நடக்குறது தெரியணும், அதனால எவர்சில்வர் வேண்டாம்), ஒரு வெள்ளைத் தட்டு, இயர்பட்ஸ், பஞ்சு, ரப்பர் பேண்ட், பழைய நியூஸ் பேப்பர், ஒரு கோடு போடாத நோட்டு, கலர் பென்சில். மீதி எல்லாம் கிச்சன்ல இருந்து அப்பப்ப எடுத்துக்கலாம்.

பாதுகாப்பு பத்தி இப்பவே சொல்லிடுறேன், இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. பொம்மையிலயும் ரிமோட்லயும் வர்ற பட்டன் பேட்டரி, குட்டி உருண்டை காந்தம் இது ரெண்டையும் சின்னப் பசங்க கைக்கு எட்டுற மாதிரி வைக்கவே கூடாது, முழுங்கிட்டா உணவுக்குழாயையோ குடலையோ ஓட்டை போட்டுடும், முழுங்கினதா சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சுண்ணாம்பு கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து, அதை பெரியவங்க மட்டும்தான் தொடணும். வினிகரும் ஆப்ப சோடாவும் சேர்த்த பாட்டிலை எந்த காரணத்துக்காகவும் மூடி போட்டு டைட் பண்ணக்கூடாது. பலூன் கிழிஞ்சா அந்த துண்டை உடனே எடுத்துப் போட்டுடுங்க, தொண்டையில அடைச்சுக்கும். சோதனைக்கு எடுத்த எதையும் வாயில வைக்கக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க, சாப்பிடுற பொருளா இருந்தாலும் சரி.

மஞ்சள்: இதுல இருந்து ஆரம்பிங்க

புதுசா பண்றவங்களுக்கு நான் எப்பவும் முதல்ல சொல்றது மஞ்சள்தூள்தான். வீட்டுல கண்டிப்பா இருக்கும், ரிசல்ட் உடனே தெரியும், அதுவும் பளிச்சுனு தெரியும்.

1. கால் டம்ளர் தண்ணில ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு நல்லா கலக்குங்க.
2. வெள்ளை பேப்பர்ல பஞ்சால தொட்டுத் தடவுங்க. கொஞ்சம் கெட்டியான பேப்பர்னா நல்லா நிக்கும். தரையில நியூஸ் பேப்பர் விரிச்சுக்கோங்க, பழைய டிரெஸ் போட்டு விடுங்க, மஞ்சள் கறை லேசுல போகாது.
3. நிழல்ல காய வைங்க. வெயில்ல வச்சா மஞ்சள் நிறம் வெளுத்துடும்.
4. காஞ்சதும் விரல் அகலத்துக்கு துண்டு துண்டா வெட்டிக்கோங்க.

இப்ப சின்னச் சின்ன கிண்ணத்துல எலுமிச்சை சாறு, புளித்தண்ணி, மோர், ஆப்ப சோடா கரைச்ச தண்ணி, குளிக்கிற சோப்பு தேய்ச்ச தண்ணி, துணி துவைக்கிற பவுடர் கரைச்ச தண்ணி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வைங்க. துணி பவுடர் கிண்ணத்தை நீங்களே கையாளுங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு இயர்பட் நனைச்சு ஒரு துண்டுல வைக்கச் சொல்லுங்க. எலுமிச்சை, புளி, மோர் மூணுலயும் மஞ்சள் அப்படியே இருக்கும். துணி பவுடர்ல தொட்ட உடனே ரத்தச் சிவப்பு. குளிக்கிற சோப்புலயும் சிவக்கும், ஆப்ப சோடாவுல கொஞ்சம் மங்கலா ஆரஞ்சும் சிவப்பும் கலந்த மாதிரி வரும். அந்த சிவப்பு மேலயே ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்க, திரும்ப மஞ்சளாயிடும். இந்த இடத்துல பசங்க நிறுத்தவே மாட்டாங்க, பேப்பர் தீர்ற வரைக்கும் சிவப்பு மஞ்சள் சிவப்பு மஞ்சள்னு போய்க்கிட்டே இருப்பாங்க, விட்டுடுங்க.

நடக்குறது இதான். மஞ்சள்ல இருக்குற குர்குமின்ங்கிற நிறப்பொருள் அமிலத்துலயும் சாதா தண்ணிலயும் மஞ்சளா இருக்கும், காரத்தன்மை உள்ள பொருள் பட்டா சிவப்பா மாறும். 4 வயசு குழந்தைக்கு "புளிப்பு குடும்பம், சோப்பு குடும்பம்"னு ரெண்டா பிரிச்சா போதும், அமிலம் காரம்னு பேரு பின்னாடி ஸ்கூல்ல வரும். ஷாம்பூவையும் பாத்திரம் கழுவுற லிக்விடையும் விட்டுடாதீங்க, அதுல நிறைய பிராண்ட் மஞ்சளை மாத்தாது, "இதுவும் சோப்புதானே, ஏன் செவக்கல?"ன்னு குழந்தை கேட்டா அதைவிட நல்ல கேள்வி கிடையாது. எல்லா சோப்பும் காரமா இருக்கணும்னு இல்லை, ஷாம்பூ, பாத்திரம் கழுவுற லிக்விட் மாதிரி நிறைய பொருளை காரம் குறைச்சே தயாரிக்கிறாங்க.

இதையே நம்ம வீடுகள்ல காலங்காலமா பண்ணிட்டு இருக்கோம். ஆரத்தி கரைக்கிறப்ப மஞ்சள் தண்ணில சுண்ணாம்பைப் போட்டதும் தட்டு சிவக்குதே, அதே மாற்றம்தான். வீட்டுல விசேஷம் வந்தா ஆரத்தி கரைக்கிற பாட்டி பக்கத்துல குழந்தையை உட்கார வைங்க. வெள்ளை சட்டையில சாம்பார் கறை பட்டு, சோப்பு போட்டதும் அது திடீர்னு சிவக்குறதும் இதே கதைதான், அடுத்த தடவை துணி துவைக்கிறப்ப கூப்பிட்டுக் காட்டுங்க.

எழுதத் தெரிஞ்ச பசங்களுக்கு இன்னொண்ணு: காஞ்ச மஞ்சள் பேப்பர்ல சோப்புத் தண்ணி தொட்ட இயர்பட்டால எழுதினா சிவப்பு எழுத்து வரும், எலுமிச்சை சாறால அழிக்கலாம். வீட்டு வாசல்ல சங்குப்பூ இருந்தா அதுலயும் செய்ங்க, ஒரு கைப்பிடி நீலப் பூவை சூடான தண்ணில போட்டு பத்து நிமிஷம் விட்டா நீலச் சாறு இறங்கும், எலுமிச்சை விட்டா ஊதா, இன்னும் விட்டா இளஞ்சிவப்பு, ஆப்ப சோடா போட்டா பச்சைப் பக்கம் போகும். செம்பருத்தியும் மாறும். இந்தப் பூக்கள்ல இருக்குறது ஆந்தோசயனின்ங்கிற வேற நிறப்பொருள்.

பால் தட்டுல கலர் ஓட்டம்

3 வயசுக்கு இதுதான் பெஸ்ட். தட்டுல பால் ஊத்தி, அசையாம நிக்கட்டும்னு கொஞ்ச நேரம் விட்டு, ஃபுட் கலர் ரெண்டு மூணு நிறத்துல நடுவுல ஒவ்வொரு சொட்டு விடுங்க. பாத்திரம் கழுவுற லிக்விட்ல இயர்பட் முனையைத் தொட்டு நடுவுல மெதுவா வைக்கச் சொல்லுங்க. கலர் எல்லாம் ஓரத்துக்கு ஓடும், அப்புறம் சுருண்டு சுருண்டு வரும்.

தண்ணியோ பாலோ, அதோட மேற்பரப்பு இழுத்துக் கட்டின மெல்லிய தோல் மாதிரி இருக்கும், சோப்பு பட்ட இடத்துல அந்த இழுப்பு தளர்ந்து போக, சுத்தி இருக்குற பக்கம் இழுத்துக்குது, கூடவே கலரும் போகுது. பால்ல கொழுப்பு இருக்குறதால சோப்பு அந்தக் கொழுப்போட சேர்ந்து சேர்ந்து அந்த ஆட்டம் ரொம்ப நேரம் நீடிக்கும். இப்ப ஒண்ணை மாத்துங்க. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்ல கொழுப்பு ஜாஸ்தி, நீல பாக்கெட்ல கம்மி, மூணாவதா வெறும் தண்ணி. மூணு தட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எதுல ரொம்ப நேரம் ஓடுதுன்னு பார்க்கச் சொல்லுங்க. பால் வீணாக்க மனசு வரலைன்னா நியாயம்தான், சின்ன சாஸர்ல ரெண்டு கரண்டி பாலே போதும், திரிஞ்சு போன பாலைத் தவிர எந்தப் பாலும் ஆகும். தண்ணில மிளகுத்தூள் தூவி சோப்பு விரலால தொடுறதும் இதே விஷயம்தான், அது ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்.

மாவு பொங்குறது

ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்த்து நுரை வர வைக்கிறது எல்லாரும் பண்றதுதான், பண்ணுங்க, பசங்களுக்குப் பிடிக்கும். பாட்டில்ல அரை டம்ளர் வினிகர், பலூன் உள்ள ரெண்டு டீஸ்பூன் ஆப்ப சோடா, பலூன் வாயை பாட்டில் வாயில மாட்டிட்டு பலூனை நிமிர்த்தினா சோடா கொட்டி, கார்பன் டை ஆக்சைடு வந்து பலூன் உப்பும். பன்னீர் சோடாவுல உலர் திராட்சை போட்டா அது மேல போறதும் கீழ வர்றதுமா ஆடும், அதுவும் அதே வாயுதான், குமிழ் ஒட்டிக்கிட்டா மேல தூக்கும், மேல போய் குமிழ் உடைஞ்சா திராட்சை கீழ இறங்கும்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது இட்லி மாவு. நம்ம வீட்டுல வாரத்துக்கு ரெண்டு தடவை நடக்குற ஒரு உயிரியல் சோதனையை நாம மூடி போட்டு மறைச்சு வச்சிருக்கோம், அதை கண்ணாடி டம்ளருக்கு மாத்துங்க, அவ்வளவுதான்.

மாவு ஆட்டினதும் மூணு கண்ணாடி டம்ளர்ல ஒரே அளவு ஊத்துங்க, அரை டம்ளருக்கு மேல வேண்டாம், பொங்கி வழியும். மாவு மட்டம் எங்க இருக்கோ அங்க ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்க. மேல ஒரு தட்டை சும்மா மூடி வைங்க. ஒண்ணு கிச்சன் மேடையில, ஒண்ணு ஃப்ரிட்ஜ்ல, இன்னொண்ணு மாடிப்படிக்குப் பக்கத்துல மாதிரி வீட்டுல வெப்பமான இடத்துல. எது முதல்ல பொங்கும்னு குழந்தையைக் கேட்டு நோட்டுல படமா வரையச் சொல்லுங்க. ராத்திரி தூங்கப் போறப்ப ஒரு தடவை, காலையில எழுந்ததும் ஒரு தடவை பார்த்தாலே போதும். ஃப்ரிட்ஜ்ல இருக்குறது ரப்பர் பேண்டை தாண்டியிருக்காது, வெளிய இருந்தது நல்லா ஏறியிருக்கும். கண்ணாடிக்குப் பக்கத்துல முகத்தை வச்சுப் பார்த்தா உள்ள குட்டிக் குட்டி ஓட்டையா குமிழ் தெரியும், இட்லியைப் பிட்டுப் பார்த்தா அதே ஓட்டை. மாவு மேல காதை வச்சா மெலிசா ஒரு சத்தம் கூட கேக்கும், குமிழ் உடையிற சத்தம்.

அரிசி உளுந்துலயே ஒட்டிக்கிட்டு வர்ற பாக்டீரியாதான் இந்த வேலையைப் பண்ணுது, அதுல முக்கியமானது லூக்கனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ். மாவுல இருக்குற சர்க்கரையைத் தின்னுட்டு அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் விடும், அமிலத்தால மாவு புளிக்குது, வாயுவால பொங்குது. குளிர்ல அதோட வேலை மந்தமாயிடும். குழந்தைக்கு "கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிர் சாப்பிட்டுட்டு ஏப்பம் விடுது"ன்னு சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க, சொன்னது உண்மைக்கும் ரொம்ப தூரம் இல்லை.

அடுத்த தடவை மாவு ஆட்டுறப்ப இன்னொரு கேள்விக்குப் போங்க. அரிசி மாவு மட்டும் ஒரு டம்ளர், உளுந்தும் சேர்ந்தது ஒரு டம்ளர், ரெண்டையும் ஒரே இடத்துல வைங்க. அரிசி மாவு மட்டும் இருக்குறதுல வாயு வந்தாலும் அதைப் பிடிச்சு வைக்க ஆள் இல்லை, தப்பிச்சுப் போயிடும். உளுந்தோட வழவழப்புதான் குமிழைப் பிடிச்சு வச்சு மாவைத் தூக்குது. வெளிநாட்டுல குளிர் ஊர்ல இருக்குறவங்க மாவை ஓவன் உள்ள லைட் போட்டு வைக்கிறது வழக்கம், அங்க இந்த சோதனை இன்னும் நல்லா புரியும், வித்தியாசம் அவ்வளவு பெருசா இருக்கும்.

முளைப்பாரி சோதனை

பச்சைப்பயறை ராத்திரி ஊறவைங்க. கண்ணாடி டம்ளர் உள்பக்கம் ஈரமான டிஷ்யூ பேப்பரையோ பஞ்சையோ சுத்தி வச்சு, பேப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல நாலஞ்சு பயறைச் சொருகுங்க, அப்பதான் வேர் வர்றது வெளிய இருந்து தெரியும். அடியில கொஞ்சமா தண்ணி. ஒண்ணு ரெண்டு நாள்ல வெள்ளையா வேர் எட்டிப் பார்க்கும், கீழ நோக்கி. நல்லா ஒரு விரல்கணு அளவு வந்ததும் தண்ணியை வடிச்சுட்டு டம்ளரைப் படுக்க வைங்க, பேப்பர் ஈரம் மட்டும் காயக்கூடாது. மறுநாள் பார்த்தா வேர் வளைஞ்சு திரும்பவும் கீழயே போயிருக்கும், தண்டு மேல திரும்பியிருக்கும். புவியீர்ப்பு எந்தப் பக்கம்னு செடிக்குத் தெரியுது, வேர் நுனியில அதை உணர்ற செல்கள் இருக்கு.

இன்னொரு ரெண்டு கிண்ணத்துல மண் போட்டு பயறு தூவுங்க, ஒண்ணு ஜன்னல்கிட்ட, ஒண்ணு அலமாரிக்குள்ள. தண்ணி ரெண்டுக்கும் ஒரே அளவு. ஒரு வாரத்துல ஜன்னல்கிட்ட இருக்குறது பச்சையா, குட்டையா, தடியா இருக்கும், அலமாரியில இருக்குறது வெளிர் மஞ்சளா, ஒல்லியா, உயரமா நிக்கும். உயரமா இருக்குறதைப் பார்த்துட்டு "அதுதான் நல்லா வளர்ந்திருக்கு"ன்னு பசங்க சொல்வாங்க, மறுத்துப் பேசாம ரெண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க, ஒல்லியானது உடனே சாயும். வெளிச்சம் தேடி இருக்குற சத்தை எல்லாம் நீளத்துக்கே செலவு பண்ணியிருக்கு, வெளிச்சம் இல்லாததால பச்சையமும் உருவாகலை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரியை வெளிச்சம் படாம வளர்க்கிறாங்களே, அந்த இளமஞ்சள் நிறம் இதால வர்றதுதான். ஊர்த் திருவிழாவுக்குப் போறவங்க குழந்தைக்கு இதைக் காட்டாம வராதீங்க. அலமாரிக் கிண்ணத்தை அப்புறம் வெயிலுக்கு மாத்தி வச்சா பச்சை ஏறும், அதையும் பார்க்கலாம்.

பூவரசம் பீப்பி

பூவரச மரம் பக்கத்துல இருந்தா நீங்க கொடுத்து வச்சவங்க. ஒரு இலையை காம்பைக் கிள்ளிட்டு ஓரத்துல இருந்து இறுக்கிச் சுருட்டுங்க, ஒரு முனை ஒல்லியா வரணும், அந்த முனையை விரலால லேசா நசுக்கி உதட்டுக்குள்ள வச்சு ஊதுங்க. முதல்ல காத்து மட்டும் வரும், நசுக்கினதைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் பார்த்தா பீப்பினு சத்தம் பிடிச்சுக்கும். பெரிய இலையில சத்தம் தடிப்பா, சின்ன இலையில கீச்சுனு. ஊதுறப்ப பீப்பியை விரலால தொட்டா நடுங்குறது தெரியும், சத்தம்னா நடுக்கம்னு குழந்தை விரலே கத்துக்கும். நாதஸ்வரத்துல வாயில வச்சு ஊதுற சீவாளி பண்றதும் இதே வேலை, ரெண்டு மெல்லிய இதழ் ஒண்ணோட ஒண்ணு அடிச்சு நடுங்குது.

நிழல் காணாம போற நாள்

மொட்டை மாடியில காலையில குழந்தையை நிக்க வச்சு நிழலைச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போடுங்க, அதே இடத்துல நிக்க வச்சு மத்தியானம், சாயங்காலம். மூணு கோடும் வேற வேற திசையில வேற வேற நீளத்துல இருக்கும். மத்தியான வெயில்ல செருப்பும் தொப்பியும் போட்டு சீக்கிரம் இறக்கிடுங்க. சூரியனை நேரா பார்க்கக் கூடவே கூடாது, கண்ணாடி போட்டாலும்.

வருஷத்துல ரெண்டு நாள் மத்தியானம் சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வரும், நேரா நிக்கிற கம்புக்கு நிழலே இருக்காது. இது கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவுல இருக்குற ஊர்களுக்கு மட்டும் கிடைக்கிறது, டெல்லியில இருக்குறவங்களுக்கு கிடையாது. கன்னியாகுமரியில ஏப்ரல் 10 வாக்குல ஆரம்பிச்சு, மதுரையில ஏப்ரல் 16 வாக்குல, சென்னையில ஏப்ரல் 24 வாக்குல வரும், திரும்பிப் போறப்ப சென்னையில ஆகஸ்ட் 18 வாக்குல. இலங்கையில ஏப்ரல் 5ல இருந்து 15க்குள்ள ஊருக்கு ஊர் ஒரு நாள். நேரம் சரியா 12 மணி இல்லை, சென்னையில ஏப்ரல்ல 12 தாண்டி ஏழெட்டு நிமிஷம், மேற்கே கோயம்புத்தூர் பக்கம் இன்னும் தள்ளிப் போகும். ஒரு பாட்டிலையோ டம்ளரையோ மட்டமான தரையில வச்சு 12ல இருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில புள்ளி வைங்க, சுருங்கிக்கிட்டே வந்து அடியில ஒளிஞ்சுடும். முன்ன பின்ன ரெண்டு நாள்லயும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும், அதனால அன்னைக்கு மேகம் வந்துட்டா கவலைப்படாதீங்க.

கடைசியா சில நடைமுறை விஷயம்

ஒரு தடவைக்கு ஒண்ணு போதும். 3, 4 வயசுக்கு பத்து நிமிஷம் தாண்டினா கவனம் போயிடும், போனா விட்டுடுங்க, இழுத்துப் பிடிச்சு முடிக்கணும்னு இல்லை. தம்பி தங்கச்சி இருந்தா சின்னதுக்கு ஊத்துற வேலை, பெருசுக்கு வரையிற வேலைன்னு பிரிச்சுடுங்க, சண்டை பாதி குறையும். எதிர்பார்த்த மாதிரி வரலைன்னா "ஏன் வரல?"ன்னு சேர்ந்து யோசிங்க. குழந்தை கேக்குற கேள்விக்கு உங்களுக்கு பதில் தெரியலைன்னா "தெரியலடா கண்ணு, தேடிப் பார்ப்போம்"னு சொல்லி அந்தக் கேள்வியை நோட்டுல அவங்க கையாலயே எழுத வைங்க.

இன்னும் வேணும்னா, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987ல இருந்து கொண்டு வர்ற துளிர் மாத இதழுக்கு சந்தா கட்டுங்க, படிக்கத் தெரிஞ்ச பசங்களுக்கு தமிழ்ல அதுமாதிரி கிடைக்கிறது அபூர்வம். குப்பையில போற பொருள்ல பொம்மை செய்றதுக்கு அரவிந்த் குப்தா ஆயுசையே கொடுத்திருக்கார், 2018ல பத்மஸ்ரீ வாங்கினவர், அவரோட செய்முறை எல்லாம் நெட்ல இலவசமா கிடைக்குது, பேசுறது புரியலைன்னா கூட படத்தைப் பார்த்தே செய்யலாம். சென்னைக்காரங்க கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு ஒரு நாள் போய்ட்டு வாங்க, பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் அதே வளாகத்துலதான் இருக்கு, திருச்சிக்காரங்களுக்கு அண்ணா அறிவியல் மையம் இருக்கு. ரெண்டு இடத்துலயும் பட்டனை அமுக்கி, கைப்பிடியைச் சுத்தி பசங்களே செஞ்சு பார்க்கிற பகுதி இருக்கு, கோளரங்கக் காட்சி முடிஞ்சதும் அவசரமா கிளம்பாம அங்க நேரம் ஒதுக்குங்க. காட்சி தமிழ்ல எத்தனை மணிக்குன்னு போறதுக்கு முன்னாடி ஃபோன்ல கேட்டுக்கோங்க.